அந்தோனியாருக்குப் போட்ட விளம்பரம்

உலக யுத்த காலத்தில் பத்திரிகை நடத்துவது போல அலுப்பான தொழில் வேறில்லை. நாங்கள் எழுதுவோம், சென்சர்காரர் வெட்டுவார். கொழும்பு மருதானையில், எங்கள் பத்திரிகைக் கந்தோரில் செய்தி எழுதியதும் நான்தான், விளம்பரம் வாங்கியதும் நான்தான். இரண்டுக்கும் ஒரே மேசை, ஒரே முதுகுவலி.

அந்த மேசைக்கு முன்னால் ஒருநாள் யோசெப்பின் வந்து உட்கார்ந்தாள். கொட்டாஞ்சேனைக்காரி. வெள்ளவத்தையில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பட்டாளம் எடுத்து ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தது. அங்கே வாளி தூக்கித் தரை கழுவுவது அவள் வேலை. அவளுடைய புருஷன் ஹியூபேட்டும் அங்கேதான் கிடந்தான். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன், பட்டாளத்தின் சுமைகூலிப் பிரிவில் சேர்ந்து, பெட்டி விழுந்து காலை முறித்துக்கொண்டவன்.

“கால் பொருந்திட்டுது, நானா. இப்ப காய்ச்சல்,” என்று முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில் தொடங்கினாள். “திருகோணமலையில இருந்து வந்த மலேரியாக்காரரோட ஒரே கொட்டில்ல போட்டிருக்கிறாங்க. கட்டிலுக்கு ரெண்டு பேர். கிடுகுக் கூரை ஒழுகுது. நுளம்பு எண்டா, ஐயோ, கையால வழிச்சு எடுக்கலாம்.”

“நுளம்பு கடிக்காமல் கட்ட வலை இல்லையா, தங்கச்சி?”

“லொறியில வந்தது. நானே இறக்கினனான். பிறகு காணேல்ல. இப்ப இந்த மருதானையிலயே ஒரு கடையில முழம் போட்டு விக்கிறாங்க. என்ட கண்ணால பார்த்தன்.”

நேரில் பார்த்துவிடுவது என்று எழும்பினேன். ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு, சொந்தக்காரன் மாதிரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் சொன்னது குறைவு. கழிவு நிரம்பிய வாளிகள் கட்டிலுக்கடியில் அப்படியே நின்றன. ஹியூபேட் நடுங்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“பேப்பர்காரரா? படம் பிடிக்கிறதெண்டா முதல்லயே சொல்லுங்க. தலை சீவி இழுக்க வேணும்.”

திரும்பி வந்து ஒரே மூச்சில் எழுதினேன். எழுதி என்ன! பட்டாளத்தின் மனவுறுதி கெட்டுவிடுமாம். சென்சர்காரரின் நீலப் பென்சில் நடந்து முடிந்தபோது ‘கொழும்பு’ என்ற சொல் மட்டும் தப்பியிருந்தது. நுளம்பு கடித்தால் கெடாத மனவுறுதி, அச்சில் வந்தால் கெடுமோ? நாசமாய்ப் போக.

யோசெப்பினிடம் இதைச் சொன்னபோது அவள் கோபிக்கவில்லை.

“செய்தி வேணாம், நானா. ஒரு விளம்பரம் போடுங்க. காணாமப் போன சாமானுக்கு எங்களுக்கு ஒரு ஆள் இருக்கிறாரே.”

கொச்சிக்கடைக் கோவிலின் புனித அந்தோனியார்! தொலைந்த பொருளைத் தேடித் தரச் சொல்லி அவரிடம் கேட்பார்கள். கிடைத்தால் பத்திரிகையில் நன்றி போடுவார்கள். செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் கொம்பனித்தெரு முஸ்லிம் பெண்களே முக்காட்டோடு அங்கே நிற்பார்கள். சென்சர்காரரோ புனிதர்களின் பத்தியை எட்டியும் பார்ப்பதில்லை. அவள் தந்திரம் எதுவும் பண்ணவில்லை, மனதாரக் கேட்டாள். தந்திரம் என்னுடையது. அவள் கேட்டதை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் போட்டேன்:

‘அற்புதரான அந்தோனியாரே! வெள்ளவத்தைப் பட்டாள ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரருக்கு வந்து காணாமற்போன நுளம்புவலைகளைக் கண்டுபிடித்துத் தந்தருளும். அவை மருதானைக் கடையில் இருக்கின்றன.’

கொழும்பு சிரித்தது. டிராமில் அதுதான் கதை. ஆங்கிலப் பத்திரிகை ஒன்று அதை மொழிபெயர்த்து, ‘புனிதருக்குத் தெரிந்தது பட்டாளத்துக்குத் தெரியாதா?’ என்று கேட்டது. பிறகென்ன, பெரிய துரைமார் கார்களில் வந்து இறங்கினார்கள். கடையைச் சோதித்தார்கள். ஆஸ்பத்திரி ஸ்டோர்காரனை விலங்கு போட்டுக் கொண்டுபோனார்கள். கொட்டிலுக்குத் தகரக் கூரை வந்தது, ஆளுக்கொரு கட்டில் வந்தது. சென்சர்காரர் டெலிபோனில் என்னைக் கிழித்தார். கிழிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகு ஒருநாள் யோசெப்பின் வந்தாள். கறுப்பு உடுத்திருந்தாள். உட்காரச் சொன்னேன்.

“வலை கட்டினாங்க, நானா. அதுக்குள்ள படுத்துத்தான் என்ட மனுசன் போனார்,” என்றாள். “நன்றி விளம்பரம் போட வேணும்.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “என்னத்துக்கு நன்றி, தங்கச்சி? இனி என்ன கிடக்கு?”

“வாக்குக் குடுத்தனான். எழுதுங்க. வலைகள் கிடைத்தன, நன்றி.”

எழுதினேன். அவள் எழும்பவில்லை. அந்தக் கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தோனியாரில பிழை சொல்லக்கூடாது, நானா. கேட்டதைத் தந்திட்டார். நான்தான் வலையை மட்டும் கேட்டனான்.”