படித்துறைக்கு மேலே போன குழாய்

எங்கள் ஊர் ஆற்றங்கரைக்குப் புதிதாக வாக்கிங் வருகிறவர்கள் எல்லோரும் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் அங்கே இருக்கிறது, ஆறு இதோ எதிரே ஓடுகிறது, குழாயை நேராக விட்டிருந்தால் நாலு எட்டில் வேலை முடிந்திருக்கும். அதை விட்டுவிட்டு, அந்தக் குழாய் ஏன் கரையோரமாகவே ஆற்றோட்டத்துக்கு எதிர்த்திசையில் போய், படித்துறையைத் தாண்டி மேலே ஏறி, அங்கிருந்து தண்ணீரைக் கொட்டுகிறது? எந்த மேதாவி போட்ட பிளான் இது?

அந்த மேதாவி என் பெரியப்பா. அவர் ஏன் அப்படிக் கேட்டு வாங்கினார் என்பது எனக்குத் தெரியும். அதாவது, நடந்தது அத்தனையும் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். புரிந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். அப்போது நான் நான்காம் வகுப்பு.

நசரத்பேட்டைக்கும் வானகரத்துக்கும் நடுவில் கூவம் ஒரு இடத்தில் வளைந்து திரும்பும். கூவம் என்றதும் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வளைவில் அன்றைக்கும் நாணல் இருந்தது, கொக்கு வந்தது, இரண்டு பெரிய பூவரச மரங்கள் தண்ணீர் மேல் சாய்ந்து நின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் காலண்டரில் போடலாம். கிட்டே போனால்தான் வாடை.

எங்கள் வீட்டில் பெரியப்பாதான் மூத்தவர். வீட்டுமனையாகாமல் மிச்சமிருந்த கொஞ்ச நிலத்தில் கீரை போட்டுக்கொண்டிருந்தார். அம்மன் கோயில் கரகம் எடுக்கிற உரிமையும் அவருடையது. ஆடி மாதம் காப்பு கட்டி, கூழ் ஊற்றுகிற அன்றைக்கு அந்தப் படித்துறையில் செம்புக் கலசத்தில் ஆற்றுத் தண்ணீர் மொண்டு, வேப்பிலையும் பூவும் சுற்றி ஜோடித்து, தலையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வருவார். சித்தப்பா கடைக்குட்டி. அவரிடம் ஒரு லாரி இருந்தது. பாதாளச் சாக்கடை எங்கள் பக்கம் இன்னும் வந்திருக்கவில்லை. புதுப் புது அடுக்குமாடிகளில் செப்டிக் டேங்க் நிரம்பினால் சித்தப்பாவுக்குத்தான் போன் வரும். நடுவில் பிறந்த என் அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு வேலை. அவர் எந்தப் பக்கமும் இல்லை, தூங்குகிற பக்கம்.

அந்த வருஷம் ஆனி மாதம், எங்கள் வளைவிலேயே சுத்திகரிப்பு நிலையம் வரப்போகிறது என்று சேதி வந்தது. பெரியப்பா கொதித்துப்போனார். படித்துறை போய்விட்டால் கரகத்தை எங்கே ஜோடிப்பது? தாத்தா காலத்து உரிமை தன்னோடு முடிந்துவிடுமா? அடுக்குமாடி அசோசியேஷன் ஆன்ட்டி ஒருவர் அவரோடு சேர்ந்துகொண்டார். அவருக்குக் கொக்கும் நாணலும் வேண்டும், கரையில் நடைபாதை வேண்டும். சித்தப்பாவோ நிலையம் வந்தே தீரவேண்டும் என்றார். அண்ணனுக்கு எதிராக அவர் வாயைத் திறந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தனித்தனியாகச் சாப்பிட, பெரியம்மா இரண்டு தடவை சோறு போட வேண்டியதாயிற்று.

எனக்கு மண்டை காய்ந்தது. காலையில் ஆன்ட்டி ஒரு அட்டையைக் கையில் கொடுத்து ஊர்வலத்தில் நிற்க வைத்தார். ‘ஆற்றைக் காப்போம்’ என்று எழுதியிருந்தது. சாயங்காலம் சித்தப்பாவின் கூட்டாளிகள் கூடி நின்றார்கள். அங்கே இருந்த அட்டையிலும் ‘ஆற்றைக் காப்போம்’ என்றுதான் எழுதியிருந்தது. எழுத்துகூட ஒரே மாதிரி, ஒரே கடையில் எழுதி வாங்கியிருப்பார்கள். எல்லோரும் ஆற்றைக் காப்பாற்றத்தான் கிளம்பியிருக்கிறார்கள் என்றால் சண்டை யாரோடு? அம்மாவிடம் கேட்டேன். போய் வீட்டுப்பாடம் எழுது என்றாள். அவளுக்கும் தெரியவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

இதற்கு நடுவில் என்னிடம் இரண்டு ரகசியங்கள் இருந்தன.

முதலாவது பெரியப்பாவுடையது. கரகம் ஜோடிக்கும்போது படித்துறையில் சேலையைத் திரையாகப் பிடிப்பார்கள். உள்ளே கரகம் எடுக்கிறவர் இருப்பார். அவருக்கு விளக்குக் காட்ட வீட்டுச் சின்னப்பெண் ஒருத்தி இருப்பாள். வேறு யாரும் பார்க்கக் கூடாது. அதற்கு முந்தின வருஷம் அந்தச் சின்னப்பெண் நான். திரை விழுந்ததும் பெரியப்பா ஆற்றின் பக்கமே திரும்பவில்லை. பூக்கூடைக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் குடத்தை எடுத்து, அதிலிருந்த தண்ணீரைக் கலசத்தில் ஊற்றினார். காலையில் அவர் கேன் தண்ணீரை அந்தக் குடத்தில் சரித்ததை நான் பார்த்திருந்தேன். நான் வாயைப் பிளந்ததும் கிசுகிசுத்தார்.

“ஆத்துத் தண்ணி தலைல வழிஞ்சா ஒடம்பெல்லாம் தடிச்சிக்குதும்மே. எனக்கே இப்டின்னா கரகத்துல வர்ற அம்மாவுக்கு அரிக்காதா? வெளிய மூச்சு வுட்ட, அவ்ளோதான், கண்ணு ரெண்டும் அவிஞ்சிடும்.”

கற்பூரத்தின் மேல் சத்தியமும் வாங்கிக்கொண்டார். நான் ஏன் வாயைத் திறக்கப் போகிறேன்?

இரண்டாவது ரகசியம் சித்தப்பாவுடையது. மழைநாளில் அவர் என்னை லாரியில் பள்ளிக்கூடத்தில் விடுவார். பிள்ளைகள் ‘நாத்த வண்டி’ என்று கத்துவார்கள், நான் நாக்கைத் துருத்துவேன். அந்த லாரி எங்கே காலியாகும் என்பது ஊருக்கே தெரியும். விடியற்காலையில் எங்கள் வளைவில்தான், படித்துறைக்குக் கொஞ்சம் மேலே, பூவரச மரத்து மறைவில். யாரும் பேசமாட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் ஆடியில் காப்பு கட்டிவிட்டால் மட்டும் லாரி அந்தப் பக்கமே போகாது. நகரத்துக்குள் எங்கோ இருந்த பெரிய நிலையத்துக்குப் போய், நீண்ட வரிசையில் நின்று, பாதி நாளைத் தொலைத்துவிட்டு வருவார். ஏன் என்று கேட்டேன்.

“ஒங்க பெரிப்பா தலைல வெச்சினு வர்ற தண்ணி அது. கூழு ஊத்தி முடியிற வரைக்கும் அதுல ஒரு சொட்டு வுடுவனா நானு? மத்த வண்டிக்காரன் கைல கால்ல உழுந்து அவனுங்களையும் நிறுத்தி வெச்சிகீறேன். அண்ணன்கிட்ட சொல்லிடாத, இன்னா? வருஷம் பூரா ஊத்துறத சொல்லாம இத மட்டும் சொல்லிக்கினா அசிங்கம்.”

ஆக, ஒருவர் ஆற்றுத் தண்ணீரைத் தொடவே இல்லை. இன்னொருவர் அவர் தொடுவார் என்று அதைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே தலைக்குள் இருந்தும், ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கண் அவிந்துவிடுமே என்ற பயத்தில் இரண்டையும் தனித்தனியாக மூடி வைத்திருந்தேன்.

நிலையத்தைப் பற்றி ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்கிற கூட்டம் பள்ளிக்கூடக் கொட்டகையில் நடந்தது. எள் போட்டால் எள் விழாத கூட்டம். மேலேயிருந்து வந்த ஆபீசர் வரைபடத்தை விரித்து, நிலையம் வந்தால் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்து ஆற்றிலேயே விடுவோம், கோடையிலும் ஆறு ஓடும் என்றார். ஆன்ட்டி எழுந்து, இருக்கிற ஒரே பசுமையான கரையையும் கான்கிரீட்டாக்கிவிட்டால் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும் என்று அழகாகப் பேசினார். நான் கொக்குகளை நினைத்துப் பலமாகக் கைதட்டினேன். ஆபீசர் பேசும்போது அவர் சொல்வதும் சரியாக இருந்தது. யார் பேசினாலும் எனக்குச் சரியாகவே பட்டது, அதுதான் தொல்லை.

பெரியப்பா எழுந்தார். “அம்மாவுக்குக் கரகம் எடுக்குற தண்ணிங்க அது. அங்க போயி ஊரு சாக்கடைய கொண்டாந்து வெப்பேன்றீங்களே, அடுக்குமா?”

ஆபீசர் பொறுமையாகக் கேட்டார். “பெரியவரே, இப்ப மட்டும் அங்க சாக்கடை கலக்கலையா? லாரி வந்து ஊத்துறதா புகார் இருக்கே, யார் ஊத்துறாங்க?”

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள். ஆன்ட்டியும் கைப்பைக்குள் எதையோ தேடினார். அவர்கள் குடியிருப்பு டேங்கை யார் வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறார் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

“வெளியூரு லாரிங்க சார்,” என்றார் பெரியப்பா. “யாருன்னு தெர்ல.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியப்பா பொய் சொல்கிறார், அதுவும் இத்தனை பேர் முன்னால்! சித்தப்பாமேல் அவ்வளவு கோபமாக இருக்கிறவர் மாட்டிவிட்டிருக்கலாமே?

பின்வரிசையில் சித்தப்பா எழுந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

“வெளியூரு லாரி இல்ல சார். நான்தான் ஊத்துறேன். வேற எங்க போயி ஊத்துறது, இடம் இன்னா கீது? அதுக்குதான் பிளான்ட்டு வேணும்னு கத்தினுகீறேன்.” அப்புறம் ஆபீசரை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தார். “ண்ணா, சாமி சத்தியமா சொல்றேன், நீ காப்பு கட்டினா ஊத்தமாட்டேன். ஒரு வருஷம்கூட ஊத்துனதில்ல. உன் கரகத்துல என் வண்டித் தண்ணி வந்ததே இல்லண்ணா.”

நான் பெரியப்பாவைப் பார்த்தேன். நல்ல சேதிதானே, சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர், நடுமுதுகில் யாரோ அடித்ததுபோல் பெஞ்சில் உட்கார்ந்தார். என் பக்கம் ஒரு தடவை திரும்பினார். நான் அவசரமாக வாயைப் பொத்திக்கொண்டேன். நான் எதுவும் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? ஆன்ட்டி வந்து, “என்னங்கையா, நீங்களே இப்படி உக்காந்துட்டா எப்படிங்க?” என்று தோளைத் தொட்டபோதும் அவர் எழுந்திருக்கவில்லை.

ஆடி வந்தது, காப்பு கட்டினார்கள். சித்தப்பா லாரியை எடுத்துக்கொண்டு வழக்கம்போல நகரத்துக்குப் போய் வரிசையில் நின்றார். கூட்டத்தில் அவர் சொன்னது ஊர் முழுக்கப் பரவியிருந்ததால் சில பேர் அவரை டீக்கடையில் உட்காரவைத்துப் பாராட்டினார்கள், சில பேர் பின்னால் காறித் துப்பினார்கள்.

கூழ் ஊற்றும் அன்று படித்துறையில் திரை விழுந்தது. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு, பூக்கூடைக்கு அடியிலிருந்த குடத்தை நானே எடுத்து நீட்டினேன், கெட்டிக்காரியாக. பெரியப்பா அதை வாங்கிப் படியில் ஓரமாக வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். முழங்கால் வரை போய்க் கலசத்தை அமுக்கினார், அது குமிழி விட்டு நிரம்பியது. வழக்கத்தைவிடத் தண்ணீர் கொஞ்சம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு என்ன, நாலு லாரி நின்றதும் பன்னீராகிவிடுமா? நான் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

“பெரிப்பா, இது அரிக்குமே!”

“காட்டு விளக்க,” என்றார்.

கரகம் ஊரைச் சுற்றியது. அவர் ஆட ஆடத் தண்ணீர் தளும்பி நெற்றியில் வழிந்தது, மூக்கில் வழிந்தது, அவர் துடைக்கவேயில்லை. பக்கத்தில் வேப்பிலை வீசிக்கொண்டு வந்த சித்தப்பா ஒரு நிமிஷம் முகத்தைச் சுளித்தார். நாள் முழுக்க அந்த வாடையிலேயே புழங்குகிற மனுஷனுக்கு, இத்தனை வருஷம் கரகத்தில் வராத வாடை இப்போது வருவது தெரியாமல் போகுமா? அண்ணன் முகத்தையே பார்த்தபடி நடந்தவர் திடீரென்று நடுத்தெருவில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதார். அருள் வந்துவிட்டது என்று பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ அவர் நெற்றியில் ஒரு கை நிறைய விபூதியை அப்பினார்கள்.

அன்று சாயங்காலமே பெரியப்பாவின் கழுத்தும் முதுகும் தடித்துச் சிவந்துபோயின. கொல்லையில் கல்லின் மேல் அவரை உட்காரவைத்து, பெரியம்மா திட்டிக்கொண்டே மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினாள். சித்தப்பா வந்து கொஞ்சம் தள்ளி நின்றார்.

“ஆபீசராண்ட போன்ல பேசிட்டேன்டா,” என்றார் பெரியப்பா, திரும்பாமலேயே. “பிளான்ட்டு வரட்டும்னு சொல்லிட்டேன். மரத்தையும் படியையும் தொடாத, கொஞ்சம் உள்ள தள்ளிக் கட்டிக்கோன்னேன். அப்பால, சுத்தம் பண்ண தண்ணிய நம்ம படிக்கு மேலாண்ட வுடுன்னு கேட்டுகீறேன்.”

“மேலாண்டயா? இன்னாண்ணா நீ, பிளான்ட்டுல நான் கொண்டாந்து ஊத்துற தண்ணிதாண்ணா அது! அதயா கரகத்துல மொள்ளுவ?”

“அதத்தான்டா கேட்டு வாங்கிகீறேன்.”

சித்தப்பா கிட்டே வந்தார். பெரியம்மா கையிலிருந்த மஞ்சள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அண்ணன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரு சொட்டுகூடக் கலக்கக் கூடாது என்று இத்தனை வருஷம் காவல் காத்தார்களே, இப்போது அதையேவா குழாய் வைத்துக் கேட்பது? இவர்கள் இப்போது சண்டையில் இருக்கிறார்களா, ராசியாகிவிட்டார்களா? முதுகைக் கழுவத் தண்ணீர் கொண்டுவா என்று பெரியம்மா விரட்டினாள். பானையில் தண்ணீர் இல்லை. படித்துறையிலிருந்து நான் திருப்பி எடுத்து வந்திருந்த அந்தச் சின்னக் குடம் மட்டும் மூலையில் அப்படியே நிறைந்து இருந்தது. அதைத் தூக்கிவந்து பெரியப்பாவின் முதுகில் மெதுவாக ஊற்றினேன். நல்ல தண்ணீர், பளிங்கு மாதிரி இருந்தது. இதைக் காலையிலேயே கலசத்தில் ஊற்றியிருந்தால் இவ்வளவு பாடும் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர்களுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது.