முயலின் கண்

அந்த முயலின் கண்ணைப் பிய்த்தவள் நான். மரியம் அல்ல… நான்!

ஸ்டுட்கார்ட்டில் ஓர் அருங்காட்சியகத்தில் நீங்களும் அதைப் பார்த்திருக்கலாம். உள்ளங்கையளவு வட்டத் துணி. பல நூற்றாண்டுகளுக்கு முன் எகிப்தில் வாழ்ந்த கொப்டிக் கிறிஸ்தவர் யாரோ ஒருவருடைய மேலங்கியின் தோளில் இருந்தது. வெள்ளை லினனில் ஊதாக் கம்பளியால் நெய்த முயல், துரத்தும் நாயைத் திரும்பிப் பார்த்தபடி ஓடும். அதன் கண் மட்டும் ஒற்றை வெள்ளை நூல்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. அங்கேதான் பழந்துணி பராமரிப்பில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்படிப்பு, செய்துகொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் மரியம். கெய்ரோவிலிருந்து ஒப்பந்த வேலைக்கு வந்த கொப்டிக் பெண், என்னைவிட நாலு வயது மூத்தவள். ஆகா, அந்த வடக்கு ஜன்னல் வெளிச்சம்! நான் கொண்டுபோகும் இடியப்பத்தைத் தின்றுவிட்டு, "உறைப்புக் காணாது" என்று சம்பலை வழிப்பாள். "எங்கட ஆக்கள் நெய்த முயல், கவனமாப் பிடி" என்று ஜெர்மனில் அதட்டுவாள். எனக்கு இன்றைக்கும் ஜெர்மனி என்றால் அந்த அறைதான்.

ஒரு மதியம் அவள் தேநீர் எடுக்கப் போனாள். முயலின் முகத்தில் ஒரு நூல்முனை நீட்டிக்கொண்டிருந்தது. தூசி என்றா நினைத்தேன்? இல்லை… அழகாக்க நினைத்தேன். இழுத்தேன். கண் கழன்று வந்துவிட்டது! அதே நூலை ஊசியில் கோத்துத் தைத்தேன். எதைத் தொட்டாலும் எழுதிவைக்க வேண்டும் என்பது அங்கே முதற்பாடம். நான் எழுதவில்லை.

அடுத்த வாரம் எங்கள் பிரிவின் பொறுப்பாளர் துணியைப் பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டார். நான் தைத்த கண் இடம் மாறியிருந்தது: முயல் நாயைப் பார்க்கவில்லை; நேரே எங்களைப் பார்த்தது. கண் கழன்ற அன்றைய வேலைத்தாளில், துணியைப் பொறுப்பெடுத்தவர் என்று மரியத்தின் கையெழுத்து.

"யார் செய்தது?"

மரியம் என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன்.

"நான்தான்" என்றாள்.

ஒப்பந்தம் நீளவில்லை. விசாவும் அதோடு போயிற்று. கடைசி நாள் படியிறங்கும்போது சொன்னாள்: "எனக்கு இந்த வேலைதான் போகுது. உனக்கெண்டால் படிப்பே போயிருக்கும்."

மேலே ஓடிப்போய் உண்மையைச் சொல்ல எத்தனை படி? பதினெட்டு! நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போய்ச் சேர்ந்து கடிதம் போடுங்கோ, அக்கா." பாவி… அதைத்தான் சொன்னேன்!

போட்டாள். "முயல் சுகமா?" என்று ஒரே வரி. நான் பதில் எழுதவில்லை.

இன்று அந்தப் பிரிவுக்கு நானே பொறுப்பு. முயலின் பராமரிப்பு அட்டையில், சேதப்படுத்தியவர் என்ற இடத்தில் இன்னும் மரியத்தின் பெயர். அதைத் திருத்த யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. நேற்றும் எடுத்தேன், பேனையைத் திறந்தேன்… மூடி, அட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.