பட்டியலின் அடியில் ஒரு பள்ளிக்கூடம்

முதல் நாள்: கூரை ஒழுக்கு

வேலையில் சேர்ந்த அன்று பின்னேரமே என்னை மீற்றிங்குக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னக் கல்விச் சபை அது. தொண்ணூறுகளின் தொடக்கம். தமிழ்க் குடும்பங்கள் வந்து குவிந்துகொண்டிருந்த காலம். பள்ளிக்கூடங்களுக்கும் எங்கள் ஆட்களுக்கும் நடுவில் நின்று பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்துவிட்டு இங்கே வந்து டோனட் கடையில் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த எனக்கு அந்த வேலை கிடைத்தது.

சபையை நடத்துவதற்கு மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்தவர்களை ட்ரஸ்டி என்பார்கள். அந்த ட்ரஸ்டிகள் அரைவட்டமாக உட்கார்ந்து, ஒரு பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுக்குக்காக நெடுநேரம் சண்டை பிடித்தார்கள். கூரையைத் திருத்தினால் நூலகத்துக்குப் புத்தகம் இல்லை. புத்தகத்தை வாங்கினால் அதன் மேல் மழை பெய்யும். பார்வையாளர் பக்கமிருந்து ஓய்வுபெற்ற பஸ் ட்ரைவர் ஒருவர் எழும்பி, என் வரிப்பணம் எங்கே போகிறது என்று முகத்துக்கு நேரே கேட்டார். நிதிப் பொறுப்பதிகாரி ஜெரால்ட் தன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அவரை "சேர்" என்று விளித்து, ஆறுதலாக விளக்கம் சொன்னார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். நான் படிப்பித்த காலத்தில் கல்விக் கந்தோரிலிருந்து சுற்றறிக்கை வரும், நாங்கள் கையெழுத்துப் போடுவோம். அதை யார் முடிவெடுத்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்று தோன்றியதும் இல்லை.

சபையின் தலைவி மிஸிஸ் ஹேவர்ட். முன்பு ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த விஷயத்திலும் கை உயர்த்தச் சொல்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இதனால் எந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும்?" யாராவது பதில் சொல்ல வேண்டும். பதில் தெரியாவிட்டால் வாக்கெடுப்பு தள்ளிப்போகும். மற்ற ட்ரஸ்டிகள் இதற்காக அவரைக் கேலி செய்வார்கள். அவரோ அசையமாட்டார். கூரை ஒழுக்குக்கும் இதே கேள்விதான், காகிதம் வாங்குவதற்கும் இதே கேள்விதான். எனக்கு அன்றைக்கே அந்த மனுஷியைப் பிடித்துவிட்டது.

வெட்டு

சில வருடங்களில் மாகாண அரசு பணத்தைக் குறைக்கத் தொடங்கியது. ஜெரால்ட் எங்கெங்கே வெட்டலாம் என்று ஒரு முன்மொழிவு கொண்டுவந்தார். அதில் ஒன்று, டோர்செட் பார்க் அடுக்குமாடிகளுக்குக் கீழே இருந்த பள்ளிக்கூடத்தில், புதிதாக வந்த பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கும் ஈ.எஸ்.எல். அறையை மூடுவது. மிஸ் லோரி என்ற இளம் ஆசிரியை நடத்திய அறை. ஜெரால்ட் சொன்ன காரணமும் நியாயமாகத்தான் இருந்தது. சபை நடத்திய வாசிப்புச் சோதனையில் அந்தப் பள்ளிக்கூடம் வருடா வருடம் பட்டியலின் அடியிலேயே கிடந்தது. இவ்வளவு காலம் பணத்தைக் கொட்டியும் பெறுபேறு அசையவில்லையே என்றார்.

அந்த அறையில் வதனி என்றொரு பிள்ளை இருந்தாள். மட்டக்களப்பிலிருந்து வந்தவள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தையே சரியாகக் காணாதவள். இங்கே வந்தும் பல மாதம் வாயே திறக்கவில்லை. மிஸ் லோரியின் அறையில்தான் முதன்முதலாக ஒரு சொல், பிறகு இரண்டு சொல் என்று பேசத் தொடங்கியிருந்தாள். அவளுடைய தாய் தவமணியிடம் நான் விஷயத்தைச் சொன்னபோது, கையில் இருந்த உடுப்புக் கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த அறைய மூடினா எண்ட புள்ள திரும்பவும் வாய மூடிரும் ரீச்சர்."

"அதைத்தான் வந்து சொல்லுங்கோ. மீற்றிங்கில ஆரும் கதைக்கலாம். ஆளுக்கு அஞ்சு நிமிஷம் தருவினம்."

"நான் எப்பிடி வாற? புள்ள இன்னும் வாசிக்கத் தொடங்கல்லயே. புள்ள வாசிக்கட்டும், அப்ப நானே வாறன்."

எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. அந்த மாடிகளில் நான் ஏறி இறங்கிய வீடுகள் எல்லாவற்றிலும் இதே கதைதான். எங்கள் ஆட்களின் வழக்கம் தெரிந்ததுதானே. பிள்ளை கெட்டிக்காரன் என்றால் தாயும் தகப்பனும் பரிசளிப்பு விழாவில் முன்வரிசையில் இருப்பார்கள். பிள்ளை படிப்பில் பின்னுக்கு நின்றால் பள்ளிக்கூட மதிலோரமாகக்கூடப் போகமாட்டார்கள். அறை தேவைப்பட்ட ஒருவரும் வரத் தயாராக இல்லை. எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. யாரைக் கோபிப்பது என்றுதான் தெரியவில்லை.

கடைசியில் "ஓம், வாறம்" என்று சொன்னவர்கள், அந்த அறையில் பிள்ளைகளைப் படிக்க வைத்து முடித்துவிட்டு வீடு வாங்கிப் போனவர்கள். அதில் முதல் ஆள் நவரத்தினம் அண்ணை. கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. டோர்செட் பார்க்கிலிருந்து, எங்கள் சபையின் இன்னொரு பகுதியான ரூஜ் பக்கம் புது வீட்டுக்குப் போயிருந்தார். யாரும் வராததற்கு இவர்களாவது வருகிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

"அண்ணை, போய் நிண்டு நன்றி மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. வெட்டாதேங்கோ எண்டு நேர கேளுங்கோ."

"ஓமோம், விளங்குது ரீச்சர். நான் பார்த்துக் கதைக்கிறன்."

ஐந்து நிமிடம்

கலியாண வீட்டுக்கு வருவதுபோல வந்தார்கள். கோட் சூட், பட்டுச்சேலை. ஒரு குடும்பம் றிச்மண்ட் ஹில் கோயிலிலிருந்து நேரே விபூதியோடு வந்திறங்கியது. வெட்டாதே என்று கேட்க வருகிறவர்கள் இப்படி உடுத்திக்கொண்டு வரமாட்டார்கள்.

முதலில் ரூஜ் பக்கத்து ட்ரஸ்டி பேசினார். தன் பகுதிப் பள்ளிக்கூடங்கள் பட்டியலின் மேலே நிற்கின்றன, பலன் தராத இடத்தில் ஏன் பணத்தை ஊற்ற வேண்டும் என்றார். பிறகு நவரத்தினம் அண்ணையைக் கூப்பிட்டார்கள். அவர் தமிழில் பேச, நான் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

"எல்லாருக்கும் வணக்கம். என்ர மோன் இஞ்ச வரேக்க ஏ பி சி டி தெரியாது. அந்த மிஸ்தான் அவனை வாசிக்கப் பண்ணினவ. உங்கள் எல்லாருக்கும் பெரிய நன்றி. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை."

சொல்லிவிட்டுக் கும்பிட்டார். அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பாளரின் வேலை சொன்னதைச் சொன்னபடி சொல்வது. அன்றைக்கு மட்டும் "குறை இல்லை" என்பதை விழுங்கிவிட்டு, "அறையை மூடாதீர்கள்" என்று நானாகச் சொல்லிவிட நாக்கு துடித்தது. மண்டபத்தில் தமிழ் தெரிந்த அதிகாரி யாரும் இல்லை. இருந்தாலும் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். அடுத்து வந்த அம்மாவும் நன்றி சொன்னார். அதற்கடுத்தவர், உங்களுக்கெல்லாம் எங்களால் எவ்வளவு கரைச்சல் என்று மன்னிப்பே கேட்டுவிட்டார்.

"குறை இல்லை என்று அவர்களே சொல்கிறார்களே," என்றார் ரூஜ் ட்ரஸ்டி.

ஜெரால்ட் தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னார். வந்தவர்கள் யாரும் இப்போது அந்தப் பகுதியிலேயே வசிக்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் அந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை. எனக்கு எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. மதுரமாகக் கதைத்துக் காரியத்தைக் கெடுக்க எங்கள் ஆட்களை விட்டால் ஆளில்லை என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

வாக்கெடுப்புக்கு நேரம் வந்தது. மிஸிஸ் ஹேவர்ட் வழக்கமான கேள்வியைக் கேட்டார். எந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும்? ஜெரால்ட் தன் தாள்களைப் புரட்டினார். அவர் நவரத்தினம் அண்ணையைத் திரும்ப எழும்பச் சொன்னார்.

"உங்கள் மகன் இப்போது எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான்?"

அண்ணை பெயரைச் சொன்னார். ரூஜ் ட்ரஸ்டி தலை நிமிர்ந்தார். பட்டியலின் மேலே நின்ற அவருடைய பள்ளிக்கூடம் அது.

"அவனுடைய வாசிப்பு எப்படி?"

பிள்ளையைப் பற்றிப் பெருமை பேச ஒரு சபையே கூடி அனுமதி கொடுத்தால் தகப்பன் விடுவானா? "வகுப்பில அவன்தான் முதலாம் ஆள்," என்றார்.

அடுத்த அம்மாவைக் கேட்டார். அவருடைய மகளும் ரூஜில்தான். மன்னிப்புக் கேட்டவரின் பிள்ளைகள் பக்கத்து நகரமான மார்க்கத்தில், வேறொரு சபையின் பள்ளிக்கூடத்தில். மிஸிஸ் ஹேவர்ட் பேனையைக் கீழே வைத்தார். ஜெரால்டின் பக்கம் திரும்பினார்.

"அந்த அறையில் வாசிக்கப் பழகும் பிள்ளைகள், எந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்து சோதனை எழுதுகிறார்கள்?"

ஜெரால்ட் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எனக்குத் தெரியாது," என்றார். "நான் அதைப் பார்த்திருக்க வேண்டும்."

வாக்கெடுப்பு தள்ளிப்போனது. அத்தனை பேருக்கு முன்னால் ஓர் அதிகாரி "எனக்குத் தெரியாது" என்று சொன்னதை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

ஜெரால்ட் தன் எழுத்தைத் தானே வெட்டியது

ஜெரால்ட் அந்த வேலையை யாரிடமும் தள்ளிவிடவில்லை. தானே பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் அதிபர்களோடு இருந்து, பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள், எங்கே போனார்கள் என்று பார்த்தார். அடுத்த மீற்றிங்கில் எழும்பி, "என்னுடைய முன்மொழிவு பிழை. அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்," என்றார்.

அவர் சொன்னது இதுதான். ஒரு குடும்பம் டோர்செட் பார்க்குக்கு வருகிறது. பிள்ளை மிஸ் லோரியிடம் வாசிக்கப் பழகுகிறது. தாயும் தகப்பனும் தலையெடுத்து வீடு வாங்கிக்கொண்டு போகிறார்கள். பிள்ளை போன இடத்தில் சோதனையை நன்றாக எழுதி, அங்கேயுள்ள பள்ளிக்கூடத்தை மேலே தூக்குகிறது. காலியான அப்பார்ட்மென்றுக்கு இன்னொரு புதுக் குடும்பம் வருகிறது. எத்தனை வருடம் போனாலும் டோர்செட் பார்க் பள்ளிக்கூடம் பட்டியலின் அடியில்தான் இருக்கும்.

அறை தொடரட்டும் என்ற பிரேரணையை ஆமோதித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ரூஜ் ட்ரஸ்டி. "இவ்வளவு நாளும் வேறொருவர் ஆக்கின சோற்றுக்கு நான் புகழ் வாங்கியிருக்கிறேன்," என்ற பொருள்பட ஏதோ சொல்லிச் சிரித்தார். அப்படிச் சொல்லவும் ஒரு மனம் வேண்டும். பணத்துக்காக ட்ரஸ்டிகள் தங்களுடைய மாநாட்டுப் பயணங்களை நிறுத்தினார்கள். சபை மண்டபத்துக்குப் போடவிருந்த புதுக் கம்பளத்தையும் கைவிட்டார்கள். பழையது கிழிந்தபடியே கிடந்தது.

அடுத்த வருடமும் பட்டியல் வந்தது. அந்தப் பள்ளிக்கூடம் அடியில். மிஸிஸ் ஹேவர்ட் அதை வாசித்துவிட்டு, "நல்லது, இன்னும் புதுப் பிள்ளைகள் வந்துகொண்டிருக்கிறார்கள்," என்றார்.

கடைசி மீற்றிங்

அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் சின்னச் சபைகளை எல்லாம் சேர்த்து ஒரே பெரிய சபையாக்கும் முடிவு வந்தது. எங்கள் சபையின் கடைசி மீற்றிங்குக்குப் பார்வையாளர்கள் அதிகம் இல்லை. ட்ரஸ்டிகளும் களைத்துப்போய் இருந்தார்கள். யாராவது பேச விரும்புகிறீர்களா என்று மிஸிஸ் ஹேவர்ட் சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

பின்வரிசையிலிருந்து தவமணி எழும்பினார். அவர்களும் மார்க்கம் பக்கம் போய்ப் பல மாதமாகிவிட்டது. பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். முன்னால் வரும்போது சேலை கிழிந்த கம்பளத்தில் மாட்டியது. பக்கத்தில் வந்த வதனி குனிந்து எடுத்துவிட்டாள். நல்ல உயரமாக வளர்ந்திருந்தாள்.

"என்ன பிரச்சினை?" என்று மிஸிஸ் ஹேவர்ட் கரிசனையோடு கேட்டார். இத்தனை வருடத்தில் அவரிடம் வந்தவர்கள் எல்லாம் பிரச்சினையோடுதானே வந்திருப்பார்கள்.

நான் வழக்கம்போல எழும்பிப் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீங்க இரிங்க ரீச்சர்," என்றார் தவமணி. "புள்ள சொல்லுவாள்."

நான் போய் உட்கார்ந்தேன்.

"புள்ள வாசிச்சா வாறன் எண்டு ரீச்சருக்குச் சொன்ன நான். இப்ப நல்லா வாசிக்கிறாள். அதைச் சொல்லத்தான் வந்த. நன்றி."

வதனி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. பிறகு, தான் இப்போது எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள் என்பதை யாரும் கேட்காமலே சொன்னாள். ஜெரால்ட் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை விளக்கம் சொல்வதற்காக அல்ல, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு நான் பெரிய சபையில் நெடுங்காலம் வேலை செய்தேன். இந்த வேலைக்கு இன்று வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் கையில் ஒரு பெறுபேற்றுப் பட்டியல் வந்தால், அதில் இருப்பவர்களை மட்டும் பார்க்காதீர்கள். அந்த இடத்தை விட்டுப் போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். எங்கள் ஆட்கள் யாராவது பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு நன்றி சொல்ல வந்தால், அவர்களைத் தடுக்காதீர்கள்.

அன்று மிஸிஸ் ஹேவர்ட் வதனியை முழுவதும் கேட்டு முடித்தார். பிறகு அந்தச் சபையின் தலைவியாகத் தன் கடைசி உத்தரவைப் போட்டார்.

"ஜெரால்ட், இந்தப் பிள்ளையை எங்கள் டோர்செட் பார்க் பள்ளிக்கூடத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்."