எக்ஸ்பிரஸ் அக்கா மடிக்கணினி வாங்கிய கதை

கோர்ட்டில் அவரை எல்லோரும் எக்ஸ்பிரஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சாட்சி வாயை மூடுவதற்குள் வாக்குமூலம் திரையில் ஏறியிருக்கும். இருபத்திரண்டு வருடமாகத் தட்டச்சர். வாரத்தில் மூன்று நாள் ஒரு கோர்ட்டு, இரண்டு நாள் பக்கத்து ஊரில் இன்னொரு கோர்ட்டு. இரண்டு பஸ், லிஃப்ட் இல்லாத மூன்று மாடி. தோளில் தொங்கிய பழைய மடிக்கணினி, சார்ஜரோடு சேர்த்து நாலு கிலோ. அக்காவின் இடது தோள் இறங்கியே போய்விட்டது. நேராக நிற்கச் சொன்னாலும் யாரோ பக்கத்திலிருந்து இழுப்பதுபோல் சாய்ந்துதான் நிற்பார்.

எடை குறைந்த கருவி வேண்டும் என்று இரண்டு வருடத்தில் ஐந்து மனு கொடுத்தார். ஒருவழியாக வந்தது. நிர்வாக அதிகாரி எல்லாத் தட்டச்சர்களையும் கூட்டி, ஒன்றை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "பாத்தீங்களா, அப்படியே காகிதம்!" கைதட்டல் விழுந்தது. அக்காவும் தட்டினார்.

சந்தோஷம் நாலு நாள்கூடத் தங்கவில்லை. சாவிகளுக்கு ஆழமே இல்லை. மேசையைத் தட்டுவதும் அதைத் தட்டுவதும் ஒன்றாக இருந்தது. எழுத்து உள்ளே போனதா இல்லையா என்று விரலுக்குத் தெரியவில்லை. முன்விளிம்பு கூர்மை, சாயங்காலம் பார்த்தால் இரண்டு மணிக்கட்டிலும் சிவப்புக் கோடு. திரை கண்ணாடிபோல் பளபளத்ததால், சாட்சி சொன்னதற்குப் பதில் அக்காவின் முகமும் பின்னாலிருந்த ஜன்னலும்தான் தெரிந்தன. மதியத்துக்கு மேல் மடியில் வைக்க முடியாத சூடு வேறு.

அதிகாரியிடம் போய்ச் சொன்னார். "லேசா வேணும்னு நீங்கதானேம்மா கேட்டீங்க?" என்று சிரித்தார் அவர். அம்மாவாம். அவருக்கு அக்காவைவிட ஒரு வயது அதிகம்.

கருவிமேல் நம்பிக்கை போனதால், நேரம், தேதி, எண்களை மட்டும் ஒரு நோட்டில் பென்சிலால் குறித்துக்கொள்ளும் பழக்கத்தை அக்கா ஆரம்பித்தார். அதுதான் காப்பாற்றியது. காப்பாற்றியது என்று சொல்லலாமா என்பது வேறு விஷயம்.

ஒரு கிடங்குத் திருட்டு வழக்கு. எதிர்க்கடையில் துணி தைக்கும் பெண் சாட்சி. ஷட்டர் திறந்திருந்ததை அவள் பார்த்தது பதினோரு மணிக்கு. இரண்டு வாரம் கழித்துக் குறுக்கு விசாரணை. வக்கீல் தாளை உயர்த்திப் பிடித்தார்.

"அன்னைக்கு ஒரு மணின்னு சொல்லியிருக்கீங்க. இன்னைக்குப் பதினொண்ணுங்கறீங்க. ரெண்டுல எதும்மா பொய்?"

"நான் அன்னைக்கும் பதினொண்ணுன்னுதாங்க சொன்னேன்."

"அப்போ கோர்ட்டு ஆவணம் பொய் சொல்லுதா? படிச்சுப் பாக்காமலா கையெழுத்துப் போட்டீங்க?"

"கண்ணாடி எடுத்துட்டு வரலைங்க..."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வக்கீல் விடவில்லை. யார் சொல்லிக்கொடுத்தது, எதற்காக மாற்றினாய் என்று ஐந்து நிமிடம் அவளை வறுத்தெடுத்தார். அதற்குள் அக்கா நோட்டைப் புரட்டி, அந்தத் தேதியைத் தேடி எடுத்துவிட்டார். பென்சிலில் தெளிவாக 11. ஒன்று என்ற சாவியை இரண்டு முறை தட்டியிருக்கிறார்; ஒன்றுதான் பதிந்திருக்கிறது.

தட்டச்சர் கோர்ட்டில் வாய் திறப்பது வழக்கமில்லை. அக்கா எழுந்து, நீதிபதி அம்மாவைப் பார்த்து நின்றார். "அம்மா, அவங்க பொய் சொல்லல. தப்பு என் பக்கம்."

நீதிபதி நோட்டை வாங்கிப் பார்த்தார். முந்தின பக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஆவணத்தைத் திருத்தச் சொன்னார். பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இத்தனை வருஷத்துல உங்ககிட்ட இப்படி நடந்ததில்ல. கவனமா இருங்க" என்றார்.

படிக்கட்டில் தையல்காரப் பெண் காத்திருந்தாள். திட்டுவாள் என்று அக்கா நினைத்தார். திட்டவில்லை.

"எழுந்து சொன்னீங்களே, அது பெரிய விஷயங்க. ஆனா அஞ்சு நிமிஷம் நான் பொய்க்காரியா நின்னேன். என் வீட்டுக்காரரு பின்னாடி உக்காந்து பாத்துட்டிருந்தாரு."

சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

மறுநாள் அதிகாரி கூப்பிட்டனுப்பினார். "கவனக்குறைவுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. முடிச்சுடலாம்."

அக்கா உட்காரவில்லை. மெல்லிய அந்த மடிக்கணினியை அவர் முன்னால் திறந்து வைத்து, பக்கத்தில் ஒரு வாக்குமூலத் தாளையும் வைத்தார். "இந்த ஒரு பக்கத்தை அடிங்க சார்."

"நானா?"

"நீங்கதான். நீங்கதானே தேர்ந்தெடுத்தீங்க."

வாசலில் இரண்டு குமாஸ்தாக்கள் எட்டிப் பார்த்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. இரண்டு ஆள்காட்டி விரலால் குத்தினார். மூன்றாவது வரிக்குள் ஏழு எழுத்துகளைக் காணவில்லை.

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்லம்மா."

"பழக்கமில்லாதவர் எதைப் பாத்து சார் வாங்கினீங்க?"

"எடை. நீங்க மனுவுல கேட்டது அதானே?"

"அதே மனுவுல மூணாவது வரி என்ன சார்?"

அக்காவே ஐந்து மனுவின் நகலையும் மேசையில் போட்டார். ஐந்திலும் மூன்றாவது வரி ஒன்றுதான்: நாள் முழுவதும் தட்டச்சுச் செய்யக் கைக்கும் கண்ணுக்கும் வசதியாக இருக்க வேண்டும்.

"இரண்டாவது வரியோட நிறுத்திட்டீங்க. அதுக்கு ஒரு பொண்ணு கூண்டுல நின்னு அவமானப்பட்டா. இதுல நான் கவனக்குறைவா?" குரல் வராந்தா வரை கேட்டது. கேட்கட்டும் என்றுதான் இருந்தார்.

வாங்கியதைத் திருப்ப முடியாது என்றார் அதிகாரி. "அப்போ நானே ஒண்ணு வாங்கிக்கறேன். கோர்ட்டுல பயன்படுத்த அனுமதி எழுதுங்க" என்று, அவர் எழுதும்வரை அக்கா அங்கேயே நின்றார்.

சனிக்கிழமை கடைக்குப் போனார். கூட வந்த கணவர் தண்ணீர் லாரி ஓட்டுபவர். "கடைக்காரனை மட்டும் அடிச்சுடாத" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது.

விற்பனையாளர் நேராக ரோஜா நிறத்தில் ஒன்றை நீட்டினார். "லேடீஸ் இதைத்தான் மேடம் விரும்புவாங்க. எடை ஒரு கிலோகூட இல்ல."

"சார்ஜரோட எவ்வளவு?"

"அதை யாரும் கேக்க மாட்டாங்க மேடம்."

"தூக்கிட்டுப் போறவ கேப்பா. ஒரு ஸ்டூல் போடுங்க."

உட்கார்ந்து, மடியில் வைத்து, மனதில் வந்த வாக்குமூலத்தை எல்லாம் ஒவ்வொன்றிலும் அடித்துப் பார்த்தார். அந்த ரோஜா நிறம் மூன்றாவது நிமிடத்திலேயே திரும்பிப் போனது. இரண்டாவதில் சாவி நன்றாக இருந்தது, திரை பளபளத்தது. மூன்றாவதை ஜன்னலோரம் எடுத்துப் போகக் கூடாது என்றார் விற்பனையாளர். அக்கா எடுத்துப் போனார்; வெளிச்சத்தில் எழுத்தே தெரியவில்லை. நாலாவது, கடையிலேயே மெல்லியது இல்லை. ஆனால் சாவி அமுங்கி எழும்பியது; ஒன்று என்று பத்து முறை அடித்தால் பத்தும் விழுந்தன. விளிம்பு உருண்டை, திரையில் முகம் தெரியவில்லை. சின்ன சார்ஜரோடு ஒன்றரைக் கிலோ. கணவர் கையில் தூக்கிப் பார்த்து, "ரெண்டு வாட்டர் பாட்டில்கூட வராது" என்றார்.

அடுத்த மாதமே நீதிபதி அதைக் கவனித்துக் காரணம் கேட்டார். அக்கா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். இனித் தட்டச்சர்கள் ஒரு முழுநாள் அடித்துப் பார்க்காமல் எந்தக் கருவியும் வாங்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அடுத்த சுற்றில் அக்காவுடையதைப் போலவே ஆறு வந்தன.

கூடவே ஒரு சுற்றறிக்கை. நிர்வாக அதிகாரியின் தொலைநோக்கால் இந்த வசதி கிடைத்ததாம். தட்டச்சர்கள் நன்றி தெரிவித்துக் கையெழுத்திட வேண்டுமாம். முதலில் அக்காவிடம்தான் வந்தது. "கண்ணாடி இருக்கு. படிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றேன், போட மாட்டேன்" என்று திருப்பிக் கொடுத்தார். மற்ற ஆறு பேரும் போடவில்லை.

தோள்வலி இப்போது பாதி குறைந்திருக்கிறது. தையல்காரப் பெண்ணின் கடை பஸ் போகும் வழியில்தான். அக்கா ஒருநாள் அங்கே இறங்கினார். அவள் தலை நிமிர்ந்து பார்த்து, அடையாளம் தெரிந்தும், தையலை நிறுத்தவில்லை. அக்கா அடுத்த பஸ்ஸில் ஏறினார். அதிகாரி மேலிருந்த கோபம் அன்று மறுபடி முதலிலிருந்து ஏறியது.