பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு மதுக்கடை

தலோசியா கூட்டத்தில் வாய் திறந்தவள் இல்லை. பதினைந்து வயதில் படிப்பை விட்டு, சமோவாவிலிருந்து ஆக்லாந்துக்கு வந்தவள். முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடத் தரையைத் துடைக்கிறாள். தேவாலயத்திலும் அவளுக்குக் கடைசி வரிசைதான். ஆனால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே காலியாகக் கிடந்த கடையில் மதுக்கடை வரப்போகிறது என்ற அறிவிப்பை முதலில் பார்த்தவள் அவள்தான்.

அவள் புருஷன் ஃபிலிப்போ தினமும் இறங்குகிற நிறுத்தம் அது. அவன் குடியை விட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வீட்டுக்குள்ளேயே ஒளித்து வைத்துக் குடித்தவன். தேவாலயச் சபையில் மூப்பன். குடித்ததும் தெருவுக்குத் தெரியாது, விட்டதும் தெரியாது.

கடைக்கு உரிமம் கொடுக்கலாமா என்று அதிகாரிகள் விசாரித்த நாளில் சமோவாக்காரர்கள் முப்பது பேர் போய் உட்கார்ந்தார்கள்; ஃபிலிப்போ பின்வரிசையில் இருந்தான். எல்லோருக்குமாகக் குலத்தலைவர் லேமானா எழுந்து பேசினார். அவர் பேசி முடித்தபின் இன்னொருவர் பேசுவது அவருக்கு அவமரியாதை.

கடைக்காரரின் வக்கீல் சிரித்தார். "பேசினது ஒருத்தர். அவரும் வேற பேட்டையில குடியிருக்கார். பக்கத்துல இருக்கறவங்களுக்குச் சொல்ல ஒண்ணுமில்லன்னு எழுதிக்கலாமா?"

எல்லோரும் லேமானாவையே பார்த்தார்கள். விசாரணைக்குத் தலைமை தாங்கிய அம்மாளின் பேனா காகிதத்தைத் தொட்டதைத் தலோசியா பார்த்தாள். எழுந்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு மவுலினி பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி! தலைவருக்கு மேல நீ என்ன பேசிக் கிழிக்கப்போற?"

"நான் பக்கத்துலதான் இருக்கேன்," என்றாள் தலோசியா. "எங்க வீட்ல ஒருத்தர் குடியை விட்டிருக்கார். பஸ்ஸை விட்டு இறங்கினா அந்தக் கடைதான் மூஞ்சிக்கு நேரா நிக்கும்."

"யாரும்மா அது?" என்றார் வக்கீல்.

"அதைச் சொல்ல மாட்டேன்."

"பேரே இல்லாத ஆளா? நல்லா இருக்கே கதை!"

தலைமை அம்மாள் குறுக்கிட்டாள். "எத்தனை நாளா விட்டிருக்கார்?"

"ஏழு மாசம். இன்னிக்குக் காலை வரைக்கும் ஒரு சொட்டு தொடல."

பின்னால் நாற்காலி தரையில் உரசியது. ஃபிலிப்போ எழுந்து கதவை நோக்கி நடந்தான். முப்பது தலைகளும் திரும்பின. போய்விட்டான், இனி வீட்டுக்கும் வரமாட்டான் என்று நினைத்தாள். கதவருகே அவன் நின்றான்.

"எட்டு மாசம்," என்றான், திரும்பாமலே.

"யார் பேசறது? பேசறவங்க பேரைச் சொல்லணும்," என்றாள் தலைமை அம்மாள்.

அவன் திரும்பினான். லேமானாவைப் பார்த்தான், மவுலினியைப் பார்த்தான்.

"ஃபிலிப்போ. இவ புருஷன். எழுதிக்கங்க."