தை பிறக்கக் காத்திருந்த கிழங்குகள்

“காயிதத்துல அச்சடிச்சு வெச்சாப் பூத்துருமாக்கும்?” என்றார் அத்தை.

அத்தை என் கணவரின் அம்மா. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. மே மாதக் கடைசியில் ஊர் திரும்ப வேண்டும். செடிகள் விற்கும் கடையில், மரப்பெட்டிகளில் கொட்டி வைத்திருந்த பூக்கிழங்குகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். டிசம்பர் முதல் வாரம், பெட்டிகள் பாதி காலி. ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு பூவின் படம், கீழே சில வரிகள். நான் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்: மண் உறைவதற்கு முன் நட வேண்டும், குளிர்காலம் முழுக்க உள்ளே தூங்கும், ஏப்ரலில் பூக்கும்.

“அப்படித்தான் எழுதியிருக்குதுங்க அத்தை.”

“எழுதுனவன் வந்து பூக்க வெப்பானா?”

எழுத்தின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். என் பிறந்த வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கடிதம், ரேஷன் கடைப் பலகை, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஏழு வயதிலிருந்து நான்தான் படித்துச் சொன்னேன். இப்போது பிஸ்கட்டவேயில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை. பின்பக்கம் படிக்காமல் எந்தப் பெட்டியையும் நான் திறப்பதில்லை. அதில் எனக்குப் பெருமைதான்.

நான் டியூலிப் பக்கம் போனேன். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. “டம்ளராட்டம் ஒத்தப் பூ. இதை எப்படித் தொடுக்கறது?” ஹையசின்த் படத்தின் முன்னால்தான் நின்றார். “ஒரே தண்டுல இத்தனை பூவா! உதுத்தா ஒரு முழம் கட்டலாம் அம்மணி.” வெங்காயம் பொறுக்குவதுபோல ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அமுக்கி, மெத்தென்று இருந்ததைத் திரும்பப் போட்டு, கெட்டியாக இருந்ததைப் பையில் சேர்த்தார். காரில் ஏறியதும் உள்ளங்கையைச் சொறியத் தொடங்கினார். “சேனைக்கெழங்காட்டம் அரிக்குது. இதுல என்ன பூ வரப் போகுது!”

அடுத்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை நான் மண்வெட்டியை எடுத்து வைத்தபோது அத்தை நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மார்கழி பொறந்துருச்சு. மார்கழில வெதை போடக் கூடாது, மொளைக்காது. தை பொறக்கட்டும்.”

எனக்குத் தெரியும், தையில் மண் இறுகிவிடும். ஆனால் எங்கள் வீட்டுக்கு முதன்முறையாக வந்தவர், இத்தனை நாளில் என்னிடம் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஒரு மாதம்தானே என்று கிழங்குப் பையை, கார் நிறுத்தும் கராஜில் இருந்த அலமாரியில் வைத்துவிட்டேன். அப்படிப் படித்துப் படித்துச் சொன்ன நானே எழுதியிருந்ததை மீறினேன்.

தை முதல் நாள் பொங்கல் வைத்து முடித்ததும் பின்பக்கம் போனோம். அத்தைக்குப் புடவையின் மேல் மகனின் ஜாக்கெட், காலில் இரண்டு ஜோடி சாக்ஸ். முழங்கால் உயரப் பனியை ஒதுக்கிவிட்டு மண்வெட்டியை இறக்கினேன். சிமெண்ட் தரையில் விழுந்ததுபோல டங்கென்றது. அத்தை என் கையிலிருந்து வாங்கி அவரும் நாலு தடவை ஓங்கிப் பார்த்தார். பிறகு படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

“நீ படிச்சுத்தான் சொன்னே. நாந்தான் கேக்காம எல்லாத்தையும் கெடுத்துப்போட்டேன்.”

என் சொல் ஜெயித்த அந்த நிமிடம் எனக்குக் கொஞ்சமும் இனிக்கவில்லை. அந்த எண்ணத்தோடு அவர் விமானம் ஏறக் கூடாது. அதற்குள் ஒரு பூவாவது வந்தாக வேண்டும்.

மறுநாள் மாலை நூலகத்தில் தோட்டப் புத்தகங்களைப் புரட்டினேன். வழி இருந்தது. தொட்டியில் நட்டு, சூடேற்றாத கராஜில் மூன்று மாதம் குளிரில் வைத்தால் போதும். கடையில் விற்கும் மண் மூட்டை இரண்டு வாங்கினோம். தயிர் டப்பா, பெயிண்ட் வாளி, அடி தேய்ந்த இட்லிப் பானை, எல்லாம் தொட்டிகளாயின. எஞ்சினின் சூடு ஆகாது என்று காரை வெளியே நிறுத்தச் சொன்னேன்.

“கெழங்குக்கு கராஜ், எனக்கு ரோடா?” தினமும் காலையில் கார் கண்ணாடியில் பனி சுரண்டிய கணவர் கத்தினார்.

“அஞ்சு நிமிசம் சொரண்டுனா நீ ஒண்ணும் எளைச்சுப் போக மாட்டே,” என்றார் அத்தை.

மூன்று மாதமும் அத்தையின் காலைக் காபி கராஜில்தான். ஒருநாள் அரிசி கழுவிய தண்ணீரோடு போனவரைக் கதவில் மறித்தேன். “வேண்டாங்க அத்தை, அழுகிப் போயிரும்.” மறுபேச்சில்லாமல் சொம்பை என்னிடம் கொடுத்தார். அவர் அப்படி அடங்கிப் போனதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஏப்ரல் தொடக்கத்தில் இட்லிப் பானையில் ஒரு பச்சை மூக்கு எட்டிப் பார்த்தது. “அம்மணீ!” என்று அத்தை போட்ட சத்தத்தில், யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நான் ஓடினேன். இரண்டு தொட்டிகளில் ஒன்றுமே வரவில்லை. மற்றவற்றை வெயிலுக்கு நகர்த்தினோம். மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு, பின்கதவைத் திறந்ததும் வாசனை முகத்தில் அடித்தது. நீல ஹையசின்த்.

அத்தை குளித்துவிட்டு வந்து, தண்டில் கை வைக்காமல் பூவை மட்டும் உதிர்த்து எடுத்தார். தையல் நூலில் தொடுத்தார். ஒரு சாண் வந்தது. சாமி படத்துக்குப் பாதி போட்டுவிட்டு, மீதியை என் தலையில் வைத்தார்.

“கனகாம்பரமாட்டம் நிக்கல, வழுக்குது. ஆனா என்ன வாசம்!” என்றவர், கொஞ்சம் கழித்து, “தரையில வெச்சிருந்தா இன்னும் எப்படி வந்திருக்கும்,” என்றார்.

விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போதும் அதையேதான் சொன்னார். அடுத்து எப்போது வருவார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

போன வாரம் அவருக்கு, மண் உறைவதற்கு வெகு முன்னால், அக்டோபர் முதல் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஆறடி நீளத்துக்குப் புல்லை உரித்து, மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி வைத்திருக்கிறேன்.