மூன்றாம் மாடித் தளமும் அம்மாவின் யோசனையும்

செண்பகனூர் சரிவில் மூன்று மாடி வைத்துக் குடியிருப்பு கட்டினார்களே, அதன் உச்சியில் கிழக்குப் பக்கத் தளம் ஒரே பகலில் முடிந்ததற்கு என் அம்மாதான் காரணம். மேஸ்திரி என்று யாராவது சொன்னால் இந்த வயதிலும் சண்டைக்குப் போவேன்.

அறுபதுகளில் நடந்தது. எனக்கு எட்டு வயது. அம்மாவும் அவள் தங்கையான சித்தியும் அங்கே சித்தாள் வேலை பார்த்தார்கள். பள்ளிக்கூடம் லீவு என்றால் நான் மணல் குவியலில்தான் கிடப்பேன்.

தளம் போடத் தொடங்கினால் நடுவில் நிறுத்தக் கூடாது. பாதியில் மழை பிடித்தால் போட்டதை உடைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். இருபது பெண்கள் தலையில் கலவைச் சட்டியோடு சாரப் பலகையில் ஏறினார்கள். பலகையோ ஓர் ஆள் அகலம். ஏறுகிறவள் வரும்வரை இறங்குகிறவள் மேலேயே காத்து நிற்பாள். மத்தியானமாகியும் பாதித் தளம் ஆகவில்லை. வானம் கறுத்துவிட்டது. மேஸ்திரி எல்லோரையும் ஏசிக்கொண்டே இருந்தார்.

அம்மா சட்டியை இறக்கி வைத்தாள்.

"ஏசுனா சோலி முடிஞ்சிருமாண்ணே? ஆளாளுக்கு நின்ன எடத்துலயே நின்னு கைக்குக் கை குடுக்குறோம். வெறுஞ்சட்டியக் கயித்துல எறக்கி விடுங்க. வெரசா முடிஞ்சிரும்."

"பொம்பள சொல்லி நான்..." என்று இழுத்தவர், மூக்கில் ஒரு தூறல் விழுந்ததும் கயிறு எடுக்க ஓடினார்.

அடேயப்பா, அந்தச் சட்டிகள் போன வேகம்! வரிசைக்குப் பதினான்கு பேரே போதுமாக இருந்தது. மற்ற ஆறு பேர் தார்ப்பாய் தேடி எடுத்து வைத்தார்கள். அதை விரித்து மூடிய பிறகுதான் மழை கொட்டியது.

"ஏ ஆத்தா, நீ மேஸ்திரியாப் பொறந்திருக்கணும்" என்றார் மேஸ்திரி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் மேற்குப் பக்கத் தளம். வெள்ளனே போனோம். மேஸ்திரி எண்ணிப் பதினான்கு பேரை மட்டும் உள்ளே விட்டார்.

"இனிமே இம்புட்டுப் பேரு போதும். அன்னைக்குத்தான் பாத்தம்ல."

வெளியே நின்ற ஆறு பேரில் சித்தியும் ஒருத்தி. நான் அவளிடம் ஓடிப்போய், "எல்லாம் எங்கம்மா யோசனைதான் சித்தி!" என்று கத்தினேன். அவள் என் கன்னத்தைத் தட்டிவிட்டு, தூக்குவாளியோடு ரோட்டில் ஏறிப் போனாள்.

அம்மா ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள். முதுகில் ஒன்று வைத்தாள். பெருமையாகத்தானே சொன்னேன், இதற்குப் போய் அடிக்கிறாளே என்று அன்று முழுக்க அழுதேன்.